நாடகத்தின் இசையும் நெறியாளன் நோக்கும்

நாடகம் ஒரு கூட்டுக் கலை என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்றாகும். நாடகாசிரியன், நடிகன், ஒப்பனையாளன், காட்சியமைப்பாளன், ஒளியமைப்பாளன், இசைக்கலைஞன் எனப் பலர் கூடி உழைத்தே ஓர் அரங்க நிகழ்வு உருவாகின்றது. ஆயினும் பலர் கூடிச் செய்யும் கலைக்கும் ஒருமை இன்றியமையாதது. அவ்வொருமையைப் பேணும் பொறுப்பு நெறியாளனைச் சார்ந்தது. நாடகப் பிரதியை முதன்முறை படிக்கும்போது அவன் உள்ளத்தில் எழும் நோக்கு, ஒத்திகைகள் பலவற்றைக் கடந்து, திரை விலகும் வேளைவரை சிதையாது வந்து சேரவேண்டும். இவ்வழியில் அந்நோக்கு மிக எளிதிற் களவுபோகும் இடம் எதுவென வினவின், அது இசையே எனக் கூறவேண்டியுள்ளது.

காரணம் வெளிப்படை. ஒப்பனை பொருந்தாவிடின் கண் உடனே கண்டுகொள்ளும். நடிப்புப் பிசகினால் அவை நகைக்கும். ஆனால் பொருந்தாத இசை இனிமையாக அமைந்துவிடின் அவை கைதட்டும்; நெறியாளனும் உள்ளம் மகிழ்வான். நாடகம் சொல்லவந்த பொருள் ஒன்றாகவும் இசை சொல்லிவிட்ட பொருள் பிறிதொன்றாகவும் இருப்பதை எவரும் கவனியார். எனவே, நல்ல இசையைத் தேடுவதிலும் பார்க்க, நல்ல இசையைக்கூட மறுக்கத் தெரிவதே நெறியாளனுக்கு வேண்டிய ஆற்றலாகும். ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட மூன்று அரங்க முயற்சிகளைக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதிகளை ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றார். அங்கே இசையாசிரியன் தன் துறையில் வல்லவனாக இருந்தால் மட்டும் போதாது; புலவனின் உட்கருத்தையும் ஆடலின் கூறுகளையும் அறிந்தவனாகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கலைஞனும் மற்றவன் கலையை அறிந்திருந்தமையால் அவ்வரங்கில் ஒருமை நிலவியது எனலாம். நெறியாளன் என்னும் தனி ஆளுமை ஐரோப்பிய அரங்கிலே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் உருப்பெற்றது. கலைஞர் தத்தம் துறைக்குள் ஒதுங்கிக்கொண்ட ஒரு காலத்திற் புலவனின் உட்கருத்தை இசைக்கு எடுத்துரைக்க ஒருவன் வேண்டியவனானான். அவனே நெறியாளன்.

முதலில் நம் நாட்டுச் சிங்கள அரங்கை நோக்குவோம். எதிரிவீர சரச்சந்திர எழுதி நெறிப்படுத்திய ‘மனமே’ 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறியது. அதன் பெருமையைப் பற்றி எழுதப்பட்டவை பல. நாம் இங்கு நோக்கவேண்டியது சரச்சந்திர எவற்றை ஏற்றார் என்பதை மட்டுமன்று. எவற்றை விலக்கினார் என்பதையுமாகும். அக்காலத்தில் அவர் முன் பல இசைவழிகள் திறந்து கிடந்தன. ஜோன் டி சில்வா முதலியோர் வளர்த்த நூர்த்தி அரங்கின் வட இந்திய மெட்டுக்கள் நகரமக்களின் செவியில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தன. தென்னிந்தியக் கலையகங்களில் உருவான ஆரம்பகாலச் சிங்களத் திரைப்படங்கள் இந்தி மெட்டுக்களைத் தழுவிய பாடல்களைப் பரப்பியிருந்தன. சரச்சந்திரவோ சாந்திநிகேதனம் சென்று இந்திய இசையைப் பயின்று வந்தவர். வட இந்திய இராகங்களில் நாடகத்தை அமைத்திருப்பின் அது அவருக்கு எளிதாகவும் அவையோருக்கு இனிதாகவும் இருந்திருக்கும்.

அவர் அதனைச் செய்யவில்லை. கரையோரக் கிராமங்களிற் பல இரவுகள் ஆடப்பட்டு வந்து, நகரத்தார் மறந்துவிட்ட ‘நாடகம’ என்னும் கூத்து மரபை நாடினார். அம்மரபில் ஊறிய சாள்ஸ் சில்வா குருன்னான்சேயை அழைத்துவந்து பல்கலைக்கழக மாணவருக்கு அம்மெட்டுக்களைப் பயிற்றுவித்தார். அந்நாடகம மரபு தமிழ்க் கூத்துக்குக் கடன்பட்டது என்பதைச் சரச்சந்திரவே தம் ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். நாடகமவில் ஒலிக்கும் மத்தளத்தைத் ‘தெமள பெரய’, அதாவது தமிழ்ப் பறை, எனச் சிங்கள மக்கள் வழங்கியமை அவ்வுறவுக்குச் சான்றாகும். ஆயினும் பழைமைப் பற்று ஒன்றே சரச்சந்திரவை அம்மரபின்பாற் செலுத்தியது எனக் கொள்வது பொருந்தாது. 1952இல் மேடையேறிய ‘பபாவதி’யில் உரைநடையையும் பாடலையும் கலந்து பார்த்து அவர் நிறைவடையவில்லை. பின்னர் யப்பானிலே நோ, கபுக்கி ஆகிய அரங்குகளைக் கண்டபோது, இசையும் அசைவும் சொல்லும் பிரிக்கவியலாத ஒரே மொழியாகத் தொழிற்படும் அரங்கு அவருக்குத் தெளிவாகியது. அந்நோக்கு முதலில் உருவாயிற்று. அதற்கேற்ற இசை அதன் பின்னரே தேடப்பட்டது. இவ்வரிசை முறையை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இத்தெரிவு நாடகத்தின் பொருளை எவ்வாறு காத்தது என்பதற்கு ஓர் இடத்தைச் சுட்டலாம். சாதகக் கதையில் வரும் மனைவி வாளின் கைப்பிடியைக் கள்வனிடம் கொடுத்துக் கணவனைக் கொல்விக்கின்றாள். அவள் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. சரச்சந்திரவின் அரசியோ வேடுவ மன்னன்பால் இரக்கம் கொண்டு பேசுகின்றாள். வாள் கைமாறும் கணத்தில் அவள் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன என்பது திட்டவட்டமாகச் சொல்லப்படுவதில்லை. அவ்வையமே நாடகத்தின் உயிர். திரைப்படப் பாணியிலான பின்னணி இசை அவ்விடத்திற் புகுந்திருப்பின், அது அச்சத்தையோ இரக்கத்தையோ வஞ்சகத்தையோ அவையோருக்கு முன்கூட்டியே அறிவித்திருக்கும். அரசி மீதான தீர்ப்பை இசையே வழங்கியிருக்கும். நாடகம மரபிலே பாத்திரம் தன் நிலையைத் தானே பாடுகின்றது. ‘பொத்தே குரா’ என்னும் கதைசொல்லி நிகழ்ச்சியை எடுத்துரைக்கின்றான். பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று அவையோரின் காதில் இரகசியம் கூறும் மூன்றாவது குரல் ஒன்று அங்கே இல்லை. ஆகவே ஐயம் ஐயமாகவே நிலைக்கின்றது. இசை மரபைத் தெரிந்தமை மூலம் சரச்சந்திர தம் கதையின் ஒழுக்கச் சிக்கலையே காத்துக்கொண்டார் என்பது இதனாற் பெறப்படும்.

இனி நம் தமிழ்க் கூத்து மரபிற்கு வருவோம். சரச்சந்திர தம் மக்கள் மறந்த ஒன்றைத் தேடிச் சென்றார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னிருந்த நிலைமை வேறு. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்து உயிரோடு ஆடப்பட்டு வந்தது. அதன் இசை முழுமையாக அண்ணாவிமாரின் கையில் இருந்தது. ஆகவே, எந்த இசையைத் தெரிவது என்பதன்றி, கையிலுள்ள இசையில் எதனை விடுவது, எதனை விடாதிருப்பது என்பதே அவர்முன் நின்ற வினா. பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் தயாரித்த ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும் மேடையேறின. ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன அவற்றைத் தொடர்ந்தன. இவற்றுள் நொண்டி நாடகம் தென்மோடியைச் சார்ந்தது. ஏனையவை வடமோடியைச் சார்ந்தவை. இம்முயற்சிகளில் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் பங்கு பெரிது.

விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்படும் கூத்தை ஓரிரு மணி நேரத்துள் படச்சட்ட மேடையில் அடக்குவது எவ்வளவு இடரான செயல் என்பதைக் கூத்தின் இசையமைப்பை அறிந்தோர் உணர்வர். கூத்தில் இசை என்பது பாட்டு மட்டுமன்று. அரசன், அரசி, தூதுவன், கட்டியகாரன் எனப் பாத்திர வகைக்கேற்ப வரவுத் தாளங்கள் வேறுபடும். மத்தளம் முழங்கத் தொடங்கியதும் வருபவன் யார், அவன் இயல்பு யாது என்பதைக் களரியைச் சூழ்ந்திருப்போர் அறிந்துகொள்வர். கூத்தன் தரு ஒன்றைப் பாடி நிறுத்த, பிற்பாட்டுக்காரர் அதனைத் திருப்பிப் பாடுவர். அவ்வேளையிற் கூத்தன் ஆடுவான். நேரத்தைச் சுருக்க முற்படும் ஒருவனுக்கு இத்திருப்பிப் பாடுதல் முதலில் வெட்டத்தக்க மிகையாகத் தோன்றும். ஆயின் அதனை முற்றாக வெட்டின் ஆட்டத்துக்குரிய வெளியே அற்றுப்போகும். எஞ்சுவது ஆட்டமற்ற பாட்டு, அது கூத்தாகாது. ஆகவே இங்கு கத்தரியைக் கையிலெடுப்பவன் இசையை அறிந்திருந்தால் மட்டும் போதாது. இசைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள உறவையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வித்தியானந்தனின் தயாரிப்புக்கள் பாடல்களின் தொகையைக் குறைத்தன. கதையின் கிளைகளைத் தறித்தன. ஆயினும் மத்தளத்தையும் சல்லரியையும் தாளக்கட்டையும் முதுகெலும்பாக வைத்துக்கொண்டன. இதன் பயன் இராவணேசனில் நன்கு புலப்படும். அதன் பிரதியை எழுதி இராவணனாக ஆடியவர் அன்று மாணவராக இருந்த சி. மௌனகுரு. பழைய கூத்துப் பிரதியைச் சுருக்கியதன்று அது. கம்பனின் இராவணனை அவல நாயகனாகக் காணும் புதிய நோக்குடன் வடமோடியில் எழுந்தது. வடமோடியின் கடிய தாளம் வீரத்துக்குப் பெயர்பெற்றது. தோல்வியை உணர்ந்தும் மானத்தைக் கைவிடாது போருக்கு எழும் ஒருவனின் உட்போராட்டத்தைச் சொல்ல இரங்கல் இசையை நாடியிருப்பின் அவன் இரக்கத்துக்குரியவனாக மட்டுமே எஞ்சியிருப்பான். வீரத் தாளத்தினுள்ளேயே அவன் வீழ்ச்சி நிகழும்போது, அழிவது ஒரு பெரும் ஆற்றல் என்பது புலனாகின்றது. அவலச் சுவைக்கு அழுகை இசை வேண்டியதில்லை என்பதை நம் கூத்து மரபே நமக்குக் காட்டிவிட்டது.

இம்முயற்சிகளில் இழப்பே இல்லை எனக் கூறுவது விமர்சனமாகாது. வட்டக்களரியின் நடுவே கூத்தரோடு நின்ற அண்ணாவியார், படச்சட்ட மேடைக்கு வந்ததும் ஒதுங்கி இருக்கவேண்டியவரானார். கூத்தனின் களைப்பையும் அவையின் உற்சாகத்தையும் நோக்கி அவ்விடத்திலேயே தாளத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுசென்ற அவரது சுதந்திரம், ஒத்திகையில் வரையறுக்கப்பட்ட கால அளவுக்குள் சுருங்கிற்று. களரியைச் சூழ்ந்திருந்தோர் பாட்டோடு கலந்துகொள்ளும் நிலையும் மாறி, இருளில் அமர்ந்து கேட்கும் நிலை உருவாயிற்று. மரபைப் போற்றிய சிலர் இதுபற்றிக் குறைகூறியதில் நியாயம் உண்டு. எனினும் அவ்விழப்பு நோக்கோடு ஏற்கப்பட்ட இழப்பு, கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கூத்தைப் படித்தவர் மத்தியிலும் நகர மேடையிலும் மதிப்புக்குரிய அரங்காக நிலைநிறுத்துவதே அவர் நோக்கு. அந்நோக்குக்கு எது இன்றியமையாததோ அது காக்கப்பட்டது. பின்னர் மௌனகுரு ‘சங்கார’த்தில் அதே வடமோடி ஆட்டத்தையும் பாட்டையும் சமூக முரண்பாட்டை உரைக்கக் கையாள முடிந்தமைக்கு, அவ்விசையின் முதுகெலும்பு முறியாது கைக்கு வந்தமையே காரணம்.

மேற்கூறிய இருவரும் இசையை நாடகத்தின் உடலாகவே கொண்டவர்கள். இதற்கு நேர்மாறான நோக்கு ஒன்றையும் பரிசீலித்தால் அன்றி நம் கருத்து முழுமை பெறாது. ஜெர்மானிய நாடகாசிரியரும் நெறியாளருமான பேர்டோல்ட் பிறெக்ற், இசை நாடகத்தோடு கரைந்துவிடக் கூடாது எனக் கருதியவர். சொல், இசை, காட்சி ஆகியன ஒவ்வொன்றும் தனித்து நின்று தத்தம் கருத்தைக் கூறவேண்டும். அவையோர் மயங்காது சிந்திக்கவேண்டும் என்பது அவர் கோட்பாடு. ஆனால் கோட்பாடு இருப்பது வேறு. இசை அதற்குப் பணிவது வேறு. 1928இற் பேர்லினில் மேடையேறிய ‘மூன்று காசு இசை நாடக’த்துக்குக் குர்ட் வைல் அமைத்த பாடல்கள் நகரெங்கும் பரவின. நடுத்தர வர்க்கத்தின் போலி ஒழுக்கத்தைச் சாடவந்த அப்பாடல்களை அவ்வர்க்கத்தாரே சுவைத்து முணுமுணுத்தனர். வைலின் இசை தரம் குறைந்ததன்று. அதன் கவர்ச்சியே நாடகத்தின் கூர்மையை ஓரளவு மழுக்கிற்று.

‘துணிவுத்தாயும் அவள் பிள்ளைகளும்’ என்ற நாடகத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. போரினால் வணிகம் செய்து, அதே போருக்குத் தன் பிள்ளைகள் மூவரையும் பறிகொடுத்து, இறுதிவரை பாடம் கற்காத ஒரு பெண்ணின் கதை அது. பிறெக்ற் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில், 1941இற் சூரிச் நகரிலே போல் புர்க்ஹார்டின் இசையோடு அது முதன்முதலாக மேடையேறியது. அவையோர் அவளைத் துயருறும் தாயாகக் கண்டு கண்ணீர் வடித்தனர். பிறெக்றின் நோக்கு அதுவன்று. அவள் துயரத்தையும், அத்துயருக்கு அவளே உடந்தை என்பதையும் ஒருங்கே காணவேண்டும் என்பதே அவர் கருத்து. அவர் பிரதியிற் சில மாற்றங்கள் செய்தார். 1949 ஜனவரியிற் பேர்லினில் எரிக் எங்கலுடன் இணைந்து அதனைத் தாமே நெறிப்படுத்தியபோது இசை போல் டெசோவினுடையதாக இருந்தது. பியானோவின் சுத்தியல்களில் ஊசிகளைக் குத்தி, அதன் இனிய நாதத்தை வறண்ட உலோக ஓசையாக மாற்றினார் டெசோ. இசைக்குழுவினர் மேடையின் பக்கத்தே அவையோர் காண அமர்த்தப்பட்டனர். பாடல் வரும்போதெல்லாம் இசைச் சின்னம் ஒன்று மேலிருந்து இறக்கப்பட்டது. இப்பொழுது கதை நிற்கின்றது, பாடல் தொடங்குகின்றது என்பதை அது அறிவித்தது.

அத்தயாரிப்பில் யாவரும் நினைவுகூரும் இடம் பாடல் எதுவும் இல்லாத இடமாகும். தன் மகனைச் சுட்டுக்கொல்லும் வேட்டொலி கேட்டதும், தாயாக நடித்த ஹெலன வைகல் வாயை அகலத் திறந்து, ஒலி எழுப்பாது அலறினார். துயரத்தைப் பெருக்க இசைக்கு இதனிலும் சிறந்த தருணம் வாய்க்காது. அத்தருணத்தில் இசையை மறுத்தமையே நெறியாளனின் வெற்றி. அழுது ஆறும் வழி அவையோருக்கு அடைக்கப்பட்டது. காட்சி முடிந்தும் அவ்வாய் மூடப்படாதது போல் அது மனத்தில் நிற்கின்றது.

நம் கூத்தில் மத்தளக்காரரும் சல்லரிக்காரரும் அவையோர் கண்முன்னே நிற்கும் மரபு தொன்மையானது. பிறெக்றின் அரங்கில் இசைக்குழு வெளிப்பட்டதற்கும் இதற்கும் புறத்தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. அதனைக் கண்டு கூத்தும் பிறெக்றின் அரங்கும் ஒன்றே எனக் கூறிவிடுதல் அவசர முடிபாகும். கூத்தில் இசையாளர் தெரிவது ஊர் ஒன்றுகூடிச் செய்யும் சடங்கின் இயல்பால். பேர்லினில் அவர்கள் தெரிந்தது மயக்கத்தைக் கலைக்கும் திட்டத்தால். ‘யுகதர்மம்’ என்ற பெயரில் 1979இல் க. பாலேந்திரா பிறெக்றின் நாடகமொன்றைத் தமிழில் மேடையேற்றியது முதலாக, அவர் அரங்கு நமக்கு அந்நியமன்று. எனவே இவ்வேறுபாட்டை உணர்ந்து கையாளும் கடப்பாடு நமக்கு உண்டு.

இம்மூன்று முயற்சிகளும் நோக்கால் வேறுபட்டவை. சரச்சந்திர சுவையை நாடினார்; வித்தியானந்தன் மரபின் மதிப்பை நாடினார்; பிறெக்ற் சிந்தனையை நாடினார். ஆயினும் மூவரிடத்தும் ஒரு பொதுமை உண்டு. எந்த மெட்டு என்று கேட்பதற்கு முன்னரே, இந்நாடகத்தில் இசை யாருடைய குரல் என்ற கேள்விக்கு அவர்கள் விடை கண்டிருந்தனர். விடை கண்டபின் இசையறிந்தோரிடம் பணிந்து கற்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. சாள்ஸ் சில்வா குருன்னான்சேயும் செல்லையா அண்ணாவியாரும் டெசோவும் ஏவலாளர்கள் அல்லர். நோக்கைக் காத்தல் என்பது இசைக்கலைஞனை அடக்கி ஆளுதலன்று. அவன் கலையின் முழு ஆற்றலையும் ஒரு பொருளை நோக்கித் திருப்புதலாகும். தானே யாவும் அறிந்தவன் எனக் கருதும் நெறியாளன் தன் நோக்கையும் இழப்பான், நல்ல கலைஞனையும் இழப்பான்.

இன்றைய நம் மேடையை இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் மகிழ்வதற்கு அதிகமில்லை. பாடசாலைப் போட்டிகளிலும் பல்கலைக்கழக விழாக்களிலும் நாடகம் முழுவதும் ஒத்திகை பார்க்கப்பட்டு முடிந்த பின்னர், இறுதி வாரத்திலே இசை தேடப்படுவதைக் காண்கின்றோம். மின்னியல் இசைப்பலகையும் பதிவு செய்யப்பட்ட ஆயத்த ஓசைகளும் எவர் கைக்கும் எட்டியுள்ளன. துயரம் என்றால் ஒரு வயலின், பதற்றம் என்றால் ஒரு முழக்கம் என்ற வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. போரையும் இடப்பெயர்வையும் பொருளாகக் கொண்ட நாடகங்களிலேகூட, சொல்லப்படாத துயரம் தன் மௌனத்தோடு நிற்க விடப்படுவதில்லை. இரவல் இராகம் ஒன்று வந்து அதனை மூடிவிடுகின்றது. தாம் அனுபவித்ததை அரங்கிற் காணவந்த மக்களுக்குத் திரைப்படத்தின் கண்ணீரையே திருப்பிக் கொடுக்கின்றோம்.

இதனினும் நுட்பமான தவறு ஒன்று உண்டு. நம் மரபு என்ற பெயரில், கூத்தின் தாளக்கட்டுச் சிலவற்றையும் தரு ஒன்றையும் எடுத்து நவீன நாடகத்தின் இடையே தூவிவிடுகின்றனர். வரவுத் தாளம் ஒலிக்கின்றது. அதற்குரிய வரவு நிகழ்வதில்லை. மத்தளம் முழங்குகின்றது, ஆடும் உடல் அங்கில்லை. மரபுக்கு மதிப்பளிப்பதாகத் தோன்றும் இச்செயல் மரபின் இசையை வெறும் மணப்பொருளாக்கிவிடுகின்றது. வித்தியானந்தன் பலவற்றை வெட்டியும் கூத்தைக் காத்தார். நாமோ எதனையும் வெட்டாது, துண்டு துண்டாக எடுத்துக் கூத்தை இழக்கின்றோம்.

இதற்குப் பெருஞ்செலவோ பெரிய இசைக்குழுவோ பரிகாரமன்று. பிரதியைப் படிக்கும் முதல் நாளிலேயே இசைக்கலைஞனும் உடனிருக்க வேண்டும். எவ்விடத்தில் இசை ஒலிக்கவேண்டும் என்பதோடு, எவ்விடத்தில் ஒலிக்கவே கூடாது என்பதும் அன்றே பேசப்படல் வேண்டும். நாடகத்தின் பொருளுக்கு உதவாத இசை எத்துணை இனிதாயினும் அதனை நன்றியோடு விலக்கும் துணிவு நெறியாளனுக்கு வேண்டும். அவ்விலக்கலின் நியாயத்தை உணரும் பெருந்தன்மை இசைக்கலைஞனுக்கு வேண்டும். அரங்கேற்று காதை வகுத்த இலக்கணமும் இதனின் வேறன்று. புலவனின் உட்கருத்தை அறியாத யாழ் மாதவியின் அரங்கிலே இடம் பெற்றிருக்க முடியாது. நம் அரங்கிலும் அவ்வாறு இருத்தலே முறை.